கோலாலம்பூர் மழையில் விட்ட கை

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ போன் செய்து, “சும்மாதான் கூப்பிட்டேன் அப்பச்சி” என்றாய். அந்தச் சும்மாவிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. சென்னையிலிருந்து நீ காரைக்குடியில் இருக்கிற அப்பனைச் சும்மா கூப்பிட்டு எத்தனை வருஷம் ஆகிறது? ஏதோ கேட்கப் போகிறாய், இல்லையென்றால் எதையோ மறைக்கப் போகிறாய் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வெயிலைப் பற்றிப் பேசினாய். உன் ஆத்தாளின் கண் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாய். நான் சர்க்கரை மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறேனா என்று கேட்டாய். பத்து நிமிஷம் கழித்துத்தான் விஷயத்துக்கு வந்தாய். மே மாத லீவில் பிள்ளைகளோடு சிங்கப்பூர் போகிறீர்கள், போன வருஷம் போலவே நானும் கூட வர வேண்டும். “எல்லாம் சரியா இருக்கு அப்பச்சி, உமையாள்தான் வரமாட்டேங்குறா. தம்பியைப் புடிச்சுக்கிற வேலையை வேற யாராச்சும் பாத்துக்கிட்டா வாரேங்குறா. எட்டு வயசுலயே எப்படிக் கள்ளம் பண்ணுறா பாருங்க” என்று சிரித்தாய். நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன்.

அவள் கள்ளம் பண்ணவில்லையப்பா. அவள் வர மறுப்பதற்கு நான்தான் காரணம். என்ன நடந்தது என்று இந்த ஒரு வருஷமாக உனக்கும் தேனம்மைக்கும் சொல்லாமல் வைத்திருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால், பாதியில் உன் குரல் மாறியதும் நான் பேச்சைத் திருப்பிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். வாட்ஸாப்பில் அனுப்பினால் நீ ஆபீஸ் மீட்டிங்கில் இருந்துகொண்டு மேலோட்டமாகப் பார்த்துவிட்டுக் கும்பிடு போடுகிற படம் ஒன்றை அனுப்புவாய். அதனால் தாளில் எழுதி, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். தேனம்மையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படி.

நான் சந்தேகப்படுகிறவன் என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கணக்கு வாத்தியார் வேலை பாதி, பரீட்சைப் பறக்கும் படை வேலை பாதி என்று முப்பது வருஷம் ஓடியது. சட்டைக் கைமடிப்பு, ஜாமெட்ரி பாக்ஸின் அடி, பேனா மூடி, காலுறை என்று பிள்ளைகள் பிட் ஒளிக்கிற இடமெல்லாம் எனக்கு அத்துப்படி. ஹாலுக்குள் நுழைந்ததும் யார் என் முகத்தைப் பார்க்காமல் கூரையைப் பார்க்கிறான் என்றுதான் முதலில் பார்ப்பேன். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பால்காரர் ஒருநாள் சிரித்துக்கொண்டு வந்தால், பாலை முகர்ந்து பார்ப்பேன். உன் கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோது தேனம்மை வீட்டில் பலகாரம் எட்டு வகை வைத்தார்கள் என்பதற்காக, இவர்கள் எதையோ மூடி மறைக்கிறார்கள் என்று இரண்டு மாதம் இழுத்தடித்தேன். “நீக சாமி கும்புடப் போனாலும் சாமியையே ஒரு தடவை ஏற இறங்கப் பாத்துட்டுத்தான் கும்புடுவீக” என்று உன் ஆத்தா சொல்வாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள். நானும் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பெருமைக்கு நீயும் ஒருமுறை பலியானாய். எட்டாவது படிக்கும்போது ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தாய். சட்டையில் புழுதி, கண்ணில் ஒரு மிரட்சி. சினிமாவுக்குத்தான் போயிருக்கிறாய் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். நிற்க வைத்துக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டேன். எந்தத் தியேட்டர், யாரோடு, எந்த வாசல் வழியாக வெளியே வந்தாய்? கடைசியில் நீ, “ஆமா அப்பச்சி, போனேன்” என்றாய். தியேட்டர் பெயரைக்கூடச் சொன்னாய். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு சாப்பிடப் போனேன். பதினைந்து வருஷம் கழித்து உன் கல்யாணப் பந்தியில் உன் சிநேகிதன் எனக்கு அருகில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, அன்றைக்கு அவன் மரத்திலிருந்து விழுந்து கையை ஒடித்துக்கொண்டதையும், நீதான் அவனைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூடவே இருந்ததையும், அவன் அப்பாவுக்குப் பயந்து யாரிடமும் சொல்லாதே என்று உன்னிடம் சத்தியம் வாங்கியதையும் சொன்னான். மாப்பிள்ளைக் கோலத்தில் நின்ற உன்னிடம் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பழைய கதை, இப்போது எதற்கு என்று விட்டுவிட்டேன். பிள்ளைகள் பெரியவர்களிடமிருந்து தப்பிப்பதற்காகச் செய்யாததையும் செய்தேன் என்பார்கள் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்தும் என்ன செய்தேன் பார்.

கோலாலம்பூருக்குப் போனபோது நான் படுத்திய பாடு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். திருச்சியில் விமானம் ஏறும்போதே ஆரம்பித்துவிட்டேன். ஐந்து பேர் பாஸ்போர்ட்டையும் என் இடுப்புப் பையில் வாங்கி வைத்துக்கொண்டு, தூங்கும்போதுகூட அவிழ்க்கவில்லை. டாக்ஸி வந்து நின்றால் டிரைவர் முகத்தையும் உன் போனில் உள்ள படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்து, வண்டி எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டுதான் ஏறுவேன். ஹோட்டல் தண்ணீர் சந்தேகம், லிஃப்ட் சந்தேகம், அடுத்த அறைக்காரன் ஏன் மூன்று நாளாக வெளியே போகவில்லை என்று ஒரு சந்தேகம். காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் முக்காடு போட்ட ஒரு பெண், தட்டுகளை எடுக்க வந்தவள், உமையாளின் கன்னத்தைத் தொட்டு ஒரு வாழைப்பழம் கொடுத்தாளே, அதைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன். “தெரியாதவுக எது குடுத்தாலும் வாங்கக் கூடாது. கூப்பிட்டாப் போகக் கூடாது. உட்கார்ந்த இடத்தை விட்டு எந்திரிக்கக் கூடாது” என்று தினமும் காலையில் இரண்டு பிள்ளைகளையும் நிற்க வைத்து ஒப்பிக்கச் சொன்னேன். சின்னவன் குட்டிக்கு அப்போது மூன்று வயது, அவன் தலையை மட்டும் ஆட்டுவான். உமையாள் ஒரு சொல் விடாமல் ஒப்பிப்பாள். அவள் எப்போதும் சொன்னதைச் செய்கிற பிள்ளை.

நான்காம் நாள் பறவைப் பூங்காவுக்குப் போனோம். அந்த ஊர் வெயில் நம் ஊர் வெயில் மாதிரி சுள்ளென்று அடிக்காது, ஈரத்துணியைப் போர்த்திவிட்ட மாதிரி கூடவே வரும். மத்தியானத்துக்குள் பிள்ளைகள் வாடிப்போனார்கள். நீயும் தேனம்மையும் சாப்பாடு வாங்கி வருகிறோம் என்று பிள்ளைகளை என்னோடு ஒரு மர பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போனீர்கள். உணவுக் கடையில் கூட்டம், கால் மணி நேரம் ஆகும் என்று நீ சொல்லிவிட்டுத்தான் போனாய். இதுவரைக்கும் உங்களுக்குத் தெரியும்.

நீங்கள் போன சற்று நேரத்தில் ஒரு ஆச்சி வந்து பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். ஐம்பது வயதிருக்கும். மாம்பழக் கலர் சுடிதார், கழுத்தில் தாலிச் செயின், கையில் ஒரு சுற்றுலாக் கம்பெனியின் தொப்பி. நான் வழக்கம்போலப் பிள்ளைகளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அவள் என்னைப் பார்த்து, “நீங்க காரைக்குடிப் பக்கமாண்ணே? பேத்தி ஐயான்னு கூப்புட்டதும் நம்ம பக்கந்தான்னு நெனச்சேன்” என்றாள். அப்போதும் நான் விடவில்லை. எந்த ஊர் என்று கேட்டேன். கீழச்சிவல்பட்டி என்றாள். எந்தக் கோயில் என்று கேட்டேன். “எங்க வீட்டாக பிள்ளையார்பட்டி கோயிலுண்ணே” என்றாள். அவ்வளவுதான், நான் விழுந்துவிட்டேன். நமக்கும் பிள்ளையார்பட்டி கோயில். ஒரே கோயில் என்றால் பங்காளி. வீட்டின் பட்டப்பெயரைக் கேட்டேன், சொன்னாள். யார் வீட்டில் பிறந்தவள் என்று கேட்டேன், அதையும் சொன்னாள். நான்கு கேள்விக்கும் நான்கு பதில் சரியாக வந்ததும், நான்கு நாளாக ஊரையே சந்தேகப்பட்ட மனுஷன் அப்படியே இளகிப்போய், இரண்டு வருஷம் முந்திய கல்யாண வீடுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

அந்த நேரம் பார்த்து எனக்கு ஒதுங்க வேண்டி வந்தது. சர்க்கரைக்காரன் அவஸ்தை உனக்குத் தெரியாது. வந்தால் நிற்காது. விமானத்திலேயே ஒருமுறை வேட்டி நனைந்து, தண்ணீர் கொட்டிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லியிருந்தேன். மறுபடியும் அப்படி ஆகிவிடக் கூடாது என்று எனக்குப் பதற்றம். “ஆச்சி, இந்தா வந்துர்றேன், பிள்ளைகளைக் கொஞ்சம் பாத்துக்க” என்றேன். “போயிட்டு வாங்கண்ணே, நான் இருக்கேன்ல” என்றாள். உமையாளிடம், “தம்பி கையைப் புடிச்சுக்க. ஐயா வர்ற வரைக்கும் இந்தப் பெஞ்சை விட்டு எந்திரிக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தேன். கழிப்பறை நான் நினைத்ததைவிடத் தூரம். உள்ளே இருக்கும்போதே தகரக் கூரையில் மழை கொட்டுகிற சத்தம் கேட்டது. தினமும் மத்தியானத்துக்குமேல் அங்கே மழை வருகிறது என்பதை மூன்று நாளாகப் பார்த்தவன்தான் நான். அன்றைக்கு அது புத்தியில் இல்லை.

ஓடி வந்து பார்த்தேன். பெஞ்சில் உமையாள் மட்டும் இருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் வழிய, இரண்டு கையாலும் பெஞ்சுப் பலகையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். குட்டி இல்லை. ஆச்சி இல்லை. “தம்பி எங்கம்மா?” என்று கேட்டேன். “அந்த ஆச்சி தூக்கிட்டுப் போயிட்டாக, அங்குட்டு” என்று அழுதுகொண்டே கையைக் காட்டினாள். பிள்ளை பிடிக்கிறவர்கள் நம் கோயிலையும் ஊரையும் பாடம் பண்ணி வைத்துக்கொண்டு திரிகிறார்களோ என்று நினைத்தேன். அவள் காட்டிய பக்கம் பத்து எட்டு வைத்திருப்பேன். அதற்குள் நீ சாப்பாட்டுப் பையோடு மழையில் ஓடி வந்தாய், பின்னாலேயே தேனம்மை.

“குட்டி எங்க அப்பச்சி?” என்று நீ கேட்டாய்.

நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். மாம்பழக் கலர் உடுப்புப் போட்ட ஒருத்தியிடம் விட்டுப் போனேன், அவள் தூக்கிப் போயிருக்கிறாள், அங்குட்டுப் போய்த் தேடு என்று சொல்லியிருக்க வேண்டும். நான்கு நாளாக உங்கள் இருவரையும் எதற்கெடுத்தாலும் அதட்டிய நான், வாழைப்பழத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்த நான், முன்பின் தெரியாத ஒருத்தியிடம் உன் பிள்ளையை விட்டுவிட்டு ஒதுங்கப் போனேன் என்று எந்த வாயால் சொல்வேன்? “இங்கனதான் இருந்தான். உமையாள்ட்ட புடிச்சுக்கச் சொன்னேன். அவ கையை விட்டுட்டா” என்றேன். சொன்னது அவ்வளவுதான். நீ திரும்பி அவள் தோளைப் பிடித்து உலுக்கி, “விட்டியா? கையை விட்டியாடி?” என்று கத்தினாய். அவள் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்க்கிற பிள்ளை மாதிரி வேறு பக்கம் பார்த்தேன். அவள், “ஆமாப்பா, விட்டுட்டேன்” என்றாள். நீ அவளை அறைந்தாய். ஏழு வருஷத்தில் நீ அவள் மேல் கை வைத்தது அந்த ஒரு தடவைதான். அந்த அடி எனக்கு விழ வேண்டியது.

குட்டிக்கு வாத்து என்றால் உயிர், அதனால் குளத்துப் பக்கம்தான் போயிருப்பான் என்று நீங்கள் இருவரும் உமையாளையும் இழுத்துக்கொண்டு அங்கே ஓடினீர்கள். நான் கையைப் பற்றிச் சொன்ன பொய்தான் உங்களைத் தண்ணீருக்கு அனுப்பியது. தேனம்மை செருப்போடு குளத்தில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் கையைவிட்டுத் துழாவினாள். நம் வழக்கப்படி பேரனுக்கு என் பெயரை வைத்தீர்கள், மாமனார் பெயரைச் சொல்லக் கூடாது என்று அவள் மூன்று வருஷமாக அவனைக் குட்டி என்றே கூப்பிட்டாள். அன்றைக்கு அந்தக் குளத்தில் நின்றுகொண்டு, கூச்சத்தையெல்லாம் விட்டு, பாஸ்போர்ட்டில் உள்ள முழுப்பெயரைச் சொல்லி அலறினாள். மழைக்குள் என் பெயர் திரும்பத் திரும்பக் கேட்டது. நான் மழைக்கு ஒதுங்குகிற இடமெல்லாம் அந்த ஆச்சியைத் தேடி ஓடிக்கொண்டிருந்தேன். யாரைத் தேடுகிறேன் என்று உங்களிடம் சொல்லியிருந்தால் மூன்று பேராகத் தேடியிருப்போம். அப்போதும் சொல்லவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வாசல் அருகே இருக்கிற கவுண்டரில் குட்டி ஒரு பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உடம்பில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. யாரோ ஒரு அம்மா கொண்டுவந்து விட்டுப் போனார்கள் என்று அங்கிருந்த பெண் சொன்னாள். வழிதப்பி நடந்த பிள்ளையை யாரோ புண்ணியவதி பார்த்துக் கொண்டுவந்து விட்டிருக்கிறாள் என்று நீங்கள் நம்பினீர்கள். என் பொய்க்கு அதுவும் பொருந்திப் போயிற்று. ஹோட்டலுக்குத் திரும்பும்போது வண்டியில் எல்லோரும் குட்டியையே தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம். உமையாள் ஜன்னலோரம் தனியாக இருந்தாள். நீ அவளைச் சமாதானப்படுத்த, “சரி விடு, இனிமே கவனமா இருக்கணும், என்ன?” என்று தலையைத் தடவினாய். அவள் தலையை ஆட்டினாள்.

சின்னப் பிள்ளை, மறந்துவிடும் என்று நினைத்தேன். தை மாதம் நீங்கள் ஊருக்கு வந்தபோது பிள்ளையார்பட்டிக்குப் போனோமே, அன்றைக்குத்தான் அவள் மறக்கவில்லை என்று தெரிந்தது. நல்ல கூட்டம். நீங்கள் இருவரும் அர்ச்சனைத் தட்டு வாங்க முன்னால் போய்விட்டீர்கள். உமையாள் தன் தலை ரிப்பனை அவிழ்த்து, ஒரு முனையைக் குட்டியின் மணிக்கட்டில் கட்டினாள், பல்லால் கடித்து இறுக்கி மறுமுனையைத் தன் மணிக்கட்டில் கட்டினாள். குட்டி வலிக்குது வலிக்குது என்றான். “எதுக்கும்மா இது?” என்று கேட்டேன். “இந்தத் தடவ விடமாட்டேன் ஐயா” என்றாள். சன்னதியில் எல்லோரும் சாமியைப் பார்க்க, அவள் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே வந்து நான் ரிப்பனை அவிழ்த்தபோது இரண்டு பிள்ளைகள் கையிலும் சிவப்பாகத் தடம் பதிந்திருந்தது. முடி கலைந்து கிடக்கிறதே, ரிப்பனைத் தொலைத்துவிட்டாயா என்று தேனம்மை அவளைக் கோபித்துக்கொண்டாள். ரிப்பன் என் சட்டைப்பையில் இருந்தது.

நீங்கள் சென்னைக்குப் போன மறுவாரம் நான் பஸ் ஏறிக் கீழச்சிவல்பட்டிக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், அந்த ஆச்சி போலியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போனேன். அப்படி ஒரு வீடே இல்லை என்று யாராவது சொல்லிவிட்டால், நான் ஏமாற்றப்பட்டவன் ஆகிவிடுவேன், பழி பாதியாகக் குறையும். அவள் சொன்ன பட்டப்பெயரைச் சொல்லி டீக்கடையில் கேட்டேன். டீ ஆற்றுகிறவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் வழி சொன்னார். கதவைத் திறந்தவள் அவளேதான். என்னைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அண்ணே, வந்துட்டீகளா? உங்க பேரைக் கேட்டு வச்சுக்காம போயிட்டேனேன்னு இத்தனை மாசமா நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும். சின்னவன் உங்க கைக்கு வந்து சேர்ந்தானா? பெரிய பிள்ளை நல்லாருக்கா?” என்றாள். சேர்ந்தான் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “படீர்னு மழை வந்துருச்சுண்ணே. ரெண்டையும் கூட்டிக்கிட்டு ஒதுங்கலாம்னா, பெரிய பிள்ளை பெஞ்சை விட்டு அசைய மாட்டேங்குது. ஐயா எந்திரிக்கக் கூடாதுன்னு சொன்னாக, சொன்னாகங்குது. சின்னவனுக்கு ஏற்கனவே சளி, மூக்கு ஒழுகுது. அவனையாவது நனையாமக் கொண்டுபோவோம்னு தூக்குனா, அது அவன் கையை விடவே இல்லண்ணே. நான்தான் ஒவ்வொரு விரலாப் பிரிச்சு எடுத்தேன். பிரிக்கப் பிரிக்க மறுபடியும் புடிச்சுச்சு. அதை நெனச்சாத்தான் இன்னும் மனசு கேக்க மாட்டேங்குது. மழை விட்டதும் ரெண்டு தடவை வந்து பாத்தேன், பெஞ்சு காலியாக் கெடந்துச்சு. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கத்துறாக, நான் என்ன செய்ய, கவுண்டர்ல குடுத்துட்டு ஓடுனேன்.”

எனக்குக் காபி போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். அவளிடமும் என் பொய்யை ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்றையே நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த ஆச்சியை மறைத்ததும், உங்களைக் குளத்துக்கு அனுப்பியதும் தெரிந்தே செய்தேன். ஆனால் ஆச்சி தூக்கும்போது உமையாள் கையை விட்டிருப்பாள் என்பதை நான் நிஜமாகவே நம்பினேன். ஒரு பங்காளி வீட்டு ஆச்சியை நான்கு கேள்வியில் நம்பினவன், மழையில் நனைந்துகொண்டு நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றிய என் பேத்தியிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. உன்னிடம் அந்தச் சினிமா விஷயத்தில் அத்தனை கேள்வி கேட்டேன், அவளிடம் எதையுமே கேட்கவில்லை. இரண்டு தடவையும் நான் தப்பான முடிவுக்குத்தான் வந்தேன். உன்னிடம் இருபத்தைந்து வருஷத்துக்குச் சேர்த்து இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். நீ சினிமாவுக்குப் போகவில்லை, எனக்குத் தெரியும்.

சிங்கப்பூருக்கு நீங்கள் நால்வரும் போய் வாருங்கள். நான் வரவில்லை. கோபத்தில் சொல்கிறேன் என்று நினைக்காதே. என்னை நம்பிப் பிள்ளைகளை விட்டுப் போகலாமா என்று இதைப் படித்த பிறகு உங்களுக்குச் சந்தேகம் வரும், வர வேண்டும். அந்தச் சந்தேகத்தோடு நீங்கள் பறவையையும் பூவையும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அனுபவப்பட்டவன் என்ற முறையில் கொஞ்சம் சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்த ஊர்களில் சின்னப் பிள்ளைகளோடு ஒரு நாளைக்கு ஒரு இடத்துக்குமேல் போகாதீர்கள். வெயில் ஏறுவதற்குள் போய்விட்டு, மத்தியானம் அறைக்கு வந்து படுக்க வையுங்கள், மழை அது பாட்டுக்குப் பெய்துவிட்டுப் போகட்டும். குட்டியின் கையில் உங்கள் போன் நம்பரை எழுதிவிடுங்கள். அவனுக்கு அவன் முழுப்பெயரைச் சொல்லிக் கொடுங்கள், யார் கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும். தேனம்மை தயங்க வேண்டாம் என்று சொல். என் பெயரை அவள் ஏற்கனவே குளத்தில் நின்று சொல்லியாயிற்று, எனக்கும் அதைக் கேட்டுப் பழகிவிட்டது. யாராவது வாழைப்பழம் கொடுத்தால் வாங்கி நன்றி சொல்லட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெரிய பிள்ளையைச் சின்னப் பிள்ளைக்குக் காவல் வைக்காதே. குட்டியின் கையை நீ பிடித்துக்கொள், உமையாளின் கையைத் தேனம்மை பிடித்துக்கொள்ளட்டும். அவளுக்கும் பிடிக்க ஒரு கை வேண்டாமா?

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நீ என்ன செய்வாய் என்று யோசித்துப் பார்த்தேன். முதலில் கோபப்படுவாய். இரண்டு நாள் பேச மாட்டாய். பிறகு, அப்பச்சிக்கு வயதாகிவிட்டது, பேத்தி முன்னால் அவர் மானத்தை எதற்கு வாங்க வேண்டும் என்று நினைத்து, உமையாளிடம் வேறு ஏதாவது சமாதானம் சொல்லிச் சிங்கப்பூருக்குக் கிளப்பப் பார்ப்பாய். நீ நல்லவன், அப்படித்தான் செய்வாய் என்று எனக்குப் பலமான சந்தேகம். என் வாழ்க்கையில் ஒரு சந்தேகமாவது உபயோகப்படட்டும். அதனால் உமையாள் பெயருக்குத் தனியாக ஒரு ரிஜிஸ்டர் தபால் போட்டிருக்கிறேன். இரண்டும் ஒன்றாகத்தான் வரும். நீ பிரிக்காதே, அவள் கையில் கொடு. அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் பெரிய பெரிய எழுத்தாக எழுதியிருக்கிறேன். உறைக்குள் அவளுடைய ரிப்பனும் இருக்கிறது. அவள் படித்து முடிக்கிற வரைக்கும் யாரும் உதவிக்குப் போக வேண்டாம். அதில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன்:

உமையாள், நீ தம்பி கையை விடவில்லை. ஒரு ஆச்சி உன் விரல்களைப் பிரித்துத் தம்பியைத் தூக்கிப் போனாள். அப்பாவிடம் நான் பொய் சொன்னேன். விட்டது ஐயாதான்.